புதுப்பிப்புக்குக் கடவுச்சொல் எதற்கு?

(கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



லினக்ஸ் கணினியில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான ஒரு சிறு பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஏதோ ஒரு வேலையில் மூழ்கியிருப்போம். புதுப்பிப்புகள் வந்திருப்பதாகத் திரையின் ஓரத்தில் ஓர் அறிவிப்பு எட்டிப்பார்க்கும். நிறுவு என்று அழுத்துவோம். திரை மங்கி, நடுவே ஒரு பெட்டி எழும்பும். கடவுச்சொல்லைக் கொடு என்று கேட்கும். தெரிந்தவர் தட்டிவிட்டு வேலையைத் தொடர்வார். தெரியாதவர் பெட்டியை மூடிவிடுவார். மறுநாள் அதே அறிவிப்பு திரும்பவும் வரும், அவர் திரும்பவும் மூடுவார். மாதக்கணக்கில் இப்படியே போகும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருளுக்கு, நிர்வாகி ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட களஞ்சியத்திலிருந்து, முறையான கையொப்பத்தோடு ஒரு புதுப்பிப்பு வருகிறது என்றால், அதை நிறுவ அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவரிடம் கடவுச்சொல் கேட்கக் கூடாது. புதிய மென்பொருளைச் சேர்க்கவும் புதிய களஞ்சியத்தைச் சேர்க்கவும் கட்டாயம் கேட்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததால் நேர்ந்த குழப்பத்தைத்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு எங்கிருந்து வந்தது? யூனிக்ஸ் பிறந்த காலத்தில் ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். கணினியைப் பார்த்துக்கொள்பவர் ஒருவர், பயன்படுத்துபவர்கள் வேறு பலர். எல்லோருக்கும் பொதுவான நிரல்கள் இருக்கும் அடைவுகளில் எழுதும் உரிமை பார்த்துக்கொள்பவருக்கு மட்டுமே. அந்த ஏற்பாடு நியாயமானது. ஆனால் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் ரூட் கடவுச்சொல்லை நாலு பேரிடம் சொல்லி வைப்பது ஆபத்து என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில், கணினி அறிவியல் துறையில் இருந்த பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் ஒரு வாக்ஸ் கணினியில் சூடோ என்ற கருவியை எழுதினார்கள். ரூட்டின் கடவுச்சொல் தெரியாமலேயே, தன் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, அனுமதிக்கப்பட்ட கட்டளையை ரூட்டாக ஓட்டலாம். 2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் வெளியீடு வந்தபோது ரூட் கணக்கையே பூட்டிவைத்து, எல்லாவற்றையும் சூடோ வழியாகவே செய்யச் சொன்னது. நம்மில் பலர் லினக்ஸை அறிந்ததே அந்த வழியில்தான்.

சூடோவில் ஒரு குறை உண்டு. அது ஒரு நிரலை ரூட்டாக ஓட்டும். அந்த நிரலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காது. முன்பெல்லாம் மென்பொருள் நிறுவும் வரைகலைக் கருவியை முழுசாகவே ரூட்டாகத் திறப்போம். ஒரு தொகுப்பை வட்டில் எழுத மட்டும்தான் ரூட் உரிமை தேவை. ஆனால் பொத்தான் வரைவதும் எழுத்துரு ஏற்றுவதும் படம் காட்டுவதும்கூட ரூட்டாகவே நடக்கும். இவற்றில் எந்த நூலகத்தில் ஓட்டை இருந்தாலும் முழுக் கணினியும் போச்சு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பாலிசிகிட். ரெட் ஹேட்டில் இருந்த டேவிட் சாய்தன் உருவாக்கியது. இப்போது போல்கிட் என்கிறோம். மென்பொருள் நிறுவும் சேவையான பேக்கேஜ்கிட்டை ரிச்சர்ட் ஹியூஸ் 2007இல் தொடங்கினார். இவை இரண்டும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நாம் பார்க்கும் சாளரம் நம் சாதாரணக் கணக்கிலேயே ஓடுகிறது. பின்னணியில் ரூட் உரிமையோடு பேக்கேஜ்கிட் சேவை காத்திருக்கிறது. இந்தப் புதுப்பிப்பை நிறுவ வேண்டும் என்று சாளரம் அதனிடம் விண்ணப்பிக்கிறது. சேவை உடனே செய்துவிடாது. இவருக்காக இதைச் செய்யலாமா என்று போல்கிட்டைக் கேட்கும். போல்கிட்டிடம் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கையொப்பமிட்ட தொகுப்பை நிறுவுதல் ஒரு செயல், கையொப்பமில்லாததை நிறுவுதல் வேறொரு செயல். நீக்குவதும், இருப்பதைப் புதுப்பிப்பதும், களஞ்சியப் பட்டியலை மாற்றுவதும், ஒரு புதிய கையொப்பச் சாவியை நம்புவதும் தனித்தனிச் செயல்கள். கேட்பவர் கணினியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாரா, திரையை வேறொருவருக்கு விட்டுவிட்டுப் பின்னால் இருக்கிறாரா, தொலைவிலிருந்து வலை வழியாக நுழைந்திருக்கிறாரா என்பதையும் அது பிரித்துப் பார்க்கும். எல்லாம் பார்த்தபின் அது சொல்லக்கூடிய பதில்கள் சில: கூடாது, சரி, உன் கடவுச்சொல்லைக் கொடு, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடு. கடைசி இரண்டுக்கும், ஒருமுறை கொடுத்தால் சில நிமிடங்களுக்குத் திரும்பக் கேட்காத வகையும் உண்டு.

முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்காமல் ஒரு செயலுக்கு மட்டும் அனுமதி தரும் கருவி நம் கைக்கு வந்துவிட்டது. எந்தச் செயலுக்கு எந்தப் பதில் என்று முடிவெடுப்பதுதான் பாக்கி. அதில்தான் 2009 நவம்பரில் பெரிய சண்டை மூண்டது.

அந்த மாதம் 17ஆம் தேதி ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலின் 12ஆம் பதிப்பு வெளியானது. ஒன்றிரண்டு நாளில் பயனர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சாதாரணக் கணக்கில் நுழைந்த ஒருவர், ஃபெடோராவின் களஞ்சியத்தில் இருக்கும் எந்தத் தொகுப்பையும் எந்தக் கடவுச்சொல்லும் கொடுக்காமல் நிறுவ முடிந்தது. ரூட் கடவுச்சொல் வேண்டாம், தன் சொந்தக் கடவுச்சொல்கூட வேண்டாம். வழு என்று பதிவு செய்தார்கள். இது வழு இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடுதான் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வந்த எதிர்ப்பை அந்தச் சமூகம் அதுவரை அதிகம் பார்த்திருக்காது.

மாற்றம் செய்தவர்களின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டும். கணினியின் முன்னால் இருப்பவருக்கு மட்டும்தான் இந்த அனுமதி. தொலைவிலிருந்து வருபவருக்குக் கிடையாது. கையொப்பமிட்ட தொகுப்புக்கு மட்டும்தான். கையொப்பமிட்ட தொகுப்பை நிறுவுவதால் கணினியைக் கைப்பற்றிவிட முடியாது. பயப்படுபவர்கள், பிள்ளைகளைக் கண்காணிக்க விரும்பும் பெற்றோர் போன்றவர்கள், வேண்டுமானால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும்படி மாற்றிக்கொள்ளட்டும். பேக்கேஜ்கிட்டின் விதிக்கோப்புக்குள்ளேயே இந்தக் கருத்தில் ஒரு குறிப்பு எழுதப்பட்டிருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. பழைய பாலிசிகிட்டில் ஒருமுறை கொடுத்த அனுமதியை நிரந்தரமாக நினைவில் வைக்கும் வசதி இருந்தது. புதிதாகத் திருத்தி எழுதியதில் அது போய்விட்டது. ஒவ்வொரு முறையும் கேட்டுத் தொல்லை செய்வதா, கேட்காமலே விடுவதா என்ற நெருக்கடியில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எதிர்த்தவர்களின் வாதமும் வலுவானதே. கல்லூரி ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். நாற்பது மாணவர்கள் மாறி மாறி உட்காரும் கணினியில் யார் வேண்டுமானாலும் ஒரு வலைச் சேவையகத்தை நிறுவலாம் என்றால், அதுவரை மூடியிருந்த ஒரு வாசலைத் திறக்க வழி கிடைக்கிறது. வட்டை நிரப்பலாம். களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான தொகுப்புகள் உண்டு. அவற்றில் ரூட் உரிமையோடு ஓடும் ஏதோ ஒரு சின்ன நிரலில் ஓட்டை இருப்பது தெரிந்தால், அந்தத் தொகுப்பை முதலில் நிறுவி, பிறகு அந்த ஓட்டை வழியாக ரூட்டாகிவிடலாம். கையொப்பம் ஒரு தொகுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். அதில் ஓட்டை இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

எல்லாவற்றையும்விட அவர்களைப் புண்படுத்தியது, இந்த மாற்றம் வெளியீட்டுக் குறிப்பில் சொல்லப்படவில்லை என்பது. பத்து, இருபது கணினிகளைப் பொறுப்போடு பார்த்துக்கொள்ளும் நிர்வாகிக்குத் தெரியாமலே அவருடைய கணினிகளின் சட்டம் மாறிவிட்டது. என்னைக் கேட்டால் அந்த விவகாரத்தில் மன்னிக்க முடியாத பகுதி இதுதான். அனுமதியின் எல்லை மாறினால் அதை முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

சில நாட்களிலேயே ஃபெடோரா பின்வாங்கியது. புதிய தொகுப்பு நிறுவ ரூட் கடவுச்சொல் கேட்கும்படி ஒரு புதுப்பிப்பை வெளியிடுவதாக அறிவித்தார்கள். சாதாரணப் பயனர் எதையெல்லாம் அனுமதியின்றிச் செய்யலாம், எதையெல்லாம் செய்யக் கூடாது என்று பிற்பாடு எழுத்தில் விதி வகுத்தார்கள். கதை அங்கேயே முடியவில்லை. இன்றைய ஃபெடோராவில் நிர்வாகிக் குழுவில் இருக்கும் ஒருவர், கணினியின் முன்னால் இருந்தபடி களஞ்சியத் தொகுப்பை நிறுவினால் கடவுச்சொல் கேட்பதில்லை. அந்தக் குழுவில் இல்லாதவரைக் கேட்கும். 2009இல் எல்லோருக்கும் கொடுத்த அதே சலுகை இப்போது நிர்வாகிக்கு மட்டும் என்று சுருங்கியிருக்கிறது. வீட்டுக் கணினியில் பயனரும் நிர்வாகியும் ஒரே ஆள் என்பதால் அவருக்குத் தொல்லை இல்லை. ஆய்வகத்தில் மாணவர் நிர்வாகி இல்லை என்பதால் அங்கே ஆபத்தும் இல்லை. நல்ல முடிவு.

அந்தச் சண்டையின் புழுதியில் ஒரு வேறுபாடு பலர் கண்ணில் படாமல் போனது. எதிர்த்தவர்களின் வாதங்களைத் திரும்ப எண்ணிப் பாருங்கள்: சேவையகம் நிறுவலாம், வட்டை நிரப்பலாம், ஓட்டையுள்ள நிரலைத் தேடிச் சேர்க்கலாம். எல்லாமே புதிய மென்பொருளைச் சேர்ப்பது பற்றியவை. இருப்பதைப் புதுப்பிப்பதற்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. புதிதாக நிறுவும்போது பயனர் எதையோ தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வில்தான் விஷமத்துக்கு இடம் இருக்கிறது. புதுப்பிக்கும்போது அவருடைய தேர்வு என்று எதுவுமே இல்லை. என்ன மென்பொருள் என்பதை நிர்வாகி முன்பே முடிவு செய்துவிட்டார், எந்தப் பதிப்பு என்பதைக் களஞ்சியத்தைப் பராமரிப்பவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஒழுகும் கூரையைச் சரிசெய்வதும், உரிமையாளரைக் கேட்காமல் மாடி எழுப்புவதும் ஒன்றாகிவிடுமா?

பேக்கேஜ்கிட்டை எழுதியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. கையொப்பமிட்ட புதுப்பிப்புக்குச் சாதாரணப் பயனரிடம் நிர்வாகி கடவுச்சொல் கேட்கத் தேவையில்லை, கேட்டால் ஆளில்லாமல் தானாக நடக்கும் புதுப்பிப்பு நின்றுபோகும் என்று அதன் விதிக்கோப்பே சொல்கிறது.

கையொப்பம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அது எவ்வளவு உறுதியானது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டெபியன் குடும்ப லினக்ஸ் வழங்கல்களை எடுத்துக்கொள்வோம். களஞ்சியத்தின் உச்சியில் ஒரு கோப்பு இருக்கிறது. அதில் டெபியனின் சாவியால் இட்ட கையொப்பம் இருக்கும். அந்தக் கோப்பு, தொகுப்புப் பட்டியல்களின் கணித முத்திரைகளைச் சொல்கிறது. பட்டியல், ஒவ்வொரு தொகுப்பின் முத்திரையையும் சொல்கிறது. இடையில் யாராவது ஒரு தொகுப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் முத்திரை ஒத்துப்போகாது, நிறுவல் நின்றுவிடும். பழைய, ஓட்டையுள்ள பட்டியலையே திரும்பத் திரும்பக் காட்டி ஏமாற்றாமல் இருக்க, இந்தத் தேதிவரைதான் இது செல்லும் என்று காலாவதியும் குறிக்க முடியும். 2007இல் வந்த டெபியன் 4.0 முதல் இந்தச் சரிபார்ப்பு வழக்கமாகிவிட்டது.

இது எப்போதும் தோற்காது என்று நான் சொல்ல மாட்டேன். 2019 ஜனவரியில் இந்தச் சரிபார்ப்பைச் செய்து தொகுப்புகளை நிறுவும் ஏப்ட் கருவியிலேயே ஒரு ஓட்டை வெளிப்பட்டது. வலையின் நடுவே இருப்பவர் திருட்டுத் தொகுப்பை நுழைத்துவிட அது வழி விட்டது. உடனே சரிசெய்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: அந்தத் திருட்டுத் தொகுப்பு வந்து நிற்கும்போது நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நிறுவினால் என்ன ஆகும், கொடுக்காமல் நிறுவினால் என்ன ஆகும்? இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. பெட்டியில் கடவுச்சொல் தட்டுகிற மனிதர் தொகுப்பைத் திறந்து படித்துப் பார்த்துவிட்டா தட்டுகிறார்?

உண்மையில் முக்கியமான கடவுச்சொல் வேறு இடத்தில் இருக்கிறது. 2008 ஆகஸ்டில் ஃபெடோராவின் சேவையகங்களுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். புகுந்த கணினிகளில் ஒன்று தொகுப்புகளுக்குக் கையொப்பமிடப் பயன்பட்டது. சாவி திருடு போயிருந்தால் உலகெங்கும் உள்ள ஃபெடோரா கணினிகள் ஆபத்தில் இருந்திருக்கும். அந்தச் சாவியைத் திறக்கும் ரகசியச் சொல் சேவையகத்தில் சேமிக்கப்படவில்லை, ஊடுருவல் நடந்த காலத்தில் அது பயன்படுத்தப்படவும் இல்லை என்பதால் சாவி தப்பியது என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் புதிய சாவிகளுக்கு மாறினார்கள். கோடிக்கணக்கான வீட்டுக் கணினிகளில் தட்டப்படும் கடவுச்சொற்கள் எல்லாம் சேர்ந்து தர முடியாத பாதுகாப்பை அங்கே ஒரு சொல் தந்தது.

இனி இந்த உரையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். 2022 ஜனவரி 25 அன்று குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையை அறிவித்தார்கள். பிகே-எக்ஸெக் என்ற நிரலில் இருந்தது அது. போல்கிட்டோடு சேர்ந்தே வரும் நிரல். கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் நிறுவப்பட்டிருப்பது. எந்தச் சாதாரணப் பயனரும், எந்தக் கடவுச்சொல்லும் தெரியாமல், அதன் வழியாக நொடியில் ரூட்டாகிவிட முடியும். 2009 மே மாதம் முதல் அந்த ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது. அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல். அனுமதி உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் கருவியிலேயே ஓட்டை! அதற்குச் சரியாக ஓராண்டு முன், 2021 ஜனவரியில், சூடோவிலும் இப்படி ஒன்று வெளிப்பட்டது. அது 2011 முதல் இருந்தது.

இரண்டுக்கும் திருத்தம் உடனே வந்தது. எப்படி வந்தது? புதுப்பிப்பாக வந்தது. புதுப்பிப்புக்கும் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் ஒரு பொதுக் கணினியை எண்ணிப் பாருங்கள். நிர்வாகி ஊரில் இல்லை. நேர்மையான பயனர் அறிவிப்பைப் பார்க்கிறார், அழுத்துகிறார், கடவுச்சொல் தெரியாததால் விட்டுவிடுகிறார். கெட்ட எண்ணம் உள்ளவருக்கோ எந்தக் கடவுச்சொல்லும் தேவையில்லை. ஓட்டை வழியாகப் போய்விடுகிறார். ஓட்டையை அடைக்க வந்தவரைத் தடுத்து, ஓட்டைக்குள் நுழைய வந்தவரை விட்டுவிடும் ஒரு பாதுகாப்பை நாம் பாதுகாப்பு என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

உபுண்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் நெடுநாள் முன்பே பாதி தூரம் வந்துவிட்டார்கள். நிர்வாகிக் குழுவில் இருப்பவர், ஏற்கெனவே உள்ள மென்பொருளைப் புதுப்பித்தால் கடவுச்சொல் வேண்டாம் என்று விதி வைத்தார்கள். ஆனால் பலர் என்னிடம் கேட்பதுண்டு: சில நாள் கேட்காமல் நிறுவுகிறது, சில நாள் கேட்கிறது, என் கணினியில் ஏதாவது புகுந்துவிட்டதா என்று. பயப்பட ஒன்றுமில்லை. லினக்ஸ் கருநிரல் அங்கே ஒவ்வொரு முறையும் பதிப்பு எண்ணையே பெயரில் தாங்கிய புதிய தொகுப்பாக வருகிறது. பழையதின் மேல் எழுதாமல் அதன் பக்கத்தில் புதியது உட்காரும். புதியது எழும்பவில்லை என்றால் பழையதைக் கொண்டு கணினியைத் தொடக்கலாம் என்பதற்காக அப்படி. ஆகவே போல்கிட்டின் கணக்கில் அது புதுப்பிப்பு ஆகாது, புதிய நிறுவல் ஆகிவிடுகிறது. பெட்டி எழும்புகிறது. தர்க்கம் சரி, விளைவு தவறு. பாதுகாப்புத் திருத்தங்களில் மிக அவசரமானவற்றில் பல கருநிரலுக்கானவை. சரியாக அவற்றுக்குத்தான் கடவுச்சொல் கேட்கப்படுகிறது.

உபுண்டு 16.04 முதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நாள்தோறும் பின்னணியில் தாமாகவே நிறுவப்படும்படி அமைக்கப்பட்டன. அங்கே யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆளே இல்லாதபோது கணினி தானாகச் செய்துகொள்ளும் காரியத்தை, ஆள் உட்கார்ந்து செய் என்று சொல்லும்போது மட்டும் சந்தேகிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

எதிர்வாதங்களில் ஒன்றை மதித்துப் பேச வேண்டும். புதுப்பிப்பால் கணினி கெட்டுப்போவது உண்டு. காட்சி அட்டைக்கான இயக்கி புதிய கருநிரலோடு ஒத்துப்போகாமல் கறுத்த திரையோடு நின்ற கணினிகளைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நூலகத்தை அடியிலிருந்து உருவி மாற்றினால் அந்த நிரல் விழலாம். தேர்வு நாளன்று காலையில் ஆய்வகக் கணினி புதுப்பிப்பில் உட்கார்ந்துகொண்டால் ஆசிரியர் என்ன செய்வார்? இவை நியாயமான கவலைகள். ஆனால் கடவுச்சொல் இவற்றுக்கு மருந்தில்லை. கடவுச்சொல் தெரிந்த நிர்வாகி நிறுவினாலும் கெடும் கணினி கெடத்தான் செய்யும். மருந்து வேறு இருக்கிறது. ஃபெடோரா 18 முதல், புதுப்பிப்புகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, கணினியை மறுபடி தொடக்கும்போது, வேறு எதுவும் ஓடாத நிலையில் நிறுவும் முறை வந்தது. பழைய கருநிரலை வைத்திருப்பது இன்னொரு மருந்து. எந்த நேரத்தில் புதுப்பிக்கலாம் என்று நிர்வாகி நேரம் குறிப்பது மூன்றாவது. எப்போது என்பதை முடிவு செய்யும் உரிமை நிர்வாகிக்கு வேண்டும் என்றால் அதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் பின்வாசல் வைத்த செய்தியையும் சிலர் சொல்வார்கள். மூல நிரலைப் பராமரிப்பவராகவே பல ஆண்டு நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் அதை நுழைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டி எடுத்தார். சில வழங்கல்களின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது முறையான கையொப்பத்தோடே போய்ச் சேர்ந்திருந்தது. நிலையான பதிப்புகளை எட்டும் முன் பிடிபட்டது. அங்கே காத்தது ஒரு மனிதரின் கூர்மையும், புதியதைப் பல மாதம் சோதித்தபின் மட்டும் நிலையான பதிப்பில் சேர்க்கும் வழக்கமும். சோதனைப் பதிப்பில் அதை நிறுவியவர்களில் எத்தனையோ பேர் சூடோ கடவுச்சொல்லைத் தட்டித்தான் நிறுவியிருப்பார்கள்.

தேவையில்லாமல் கேட்பதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அடிக்கடி கேட்டால் மனிதர் படிப்பதை நிறுத்திவிடுகிறார். பெட்டி எழுந்தால் விரல்கள் தாமாகத் தட்டும். நாளைக்கு ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிய நிரல், கையொப்பமே இல்லாத தொகுப்பை நிறுவ அனுமதி கேட்டாலும் அதே விரல்கள் அதே வேகத்தில் தட்டும். எக்ஸ்11 திரை முறையில் இன்னும் மோசம்: அங்கே ஓடும் எந்த நிரலும் மற்ற நிரல்களில் தட்டப்படும் எழுத்துகளை ஒட்டுக்கேட்கலாம், போலிப் பெட்டியையும் வரையலாம். நாம் கடவுச்சொல்லைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் அது திருடு போக ஒரு வாய்ப்பு. வேலண்ட் என்ற புதிய திரை முறை வந்தபின் அந்த ஒட்டுக்கேட்பு அடைபட்டது. போலிப் பெட்டியிடம் ஏமாறும் பழக்கத்தை எந்தத் திரை முறையும் அடைக்க முடியாது.

இப்படித் தேவையில்லாமல் கேட்டதற்காக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் ஓபன்சூசே வழங்கல் மேல் வெடித்ததை நினைவுபடுத்துகிறேன். அவர் மகள் பள்ளியில் மடிக்கணினியில் அச்சுப்பொறியைச் சேர்க்க முயன்றபோது ரூட் கடவுச்சொல் கேட்டிருக்கிறது. பள்ளியிலிருந்து அப்பாவை அழைத்துக் கேட்க வேண்டியதாயிற்று. அவர் பயன்படுத்திய சொற்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியானது. அச்சுப்பொறிக்கும் நேர மண்டலத்துக்கும் வைஃபைக்கும் ரூட் கடவுச்சொல் கேட்டால், பெற்றோர் கடைசியில் அந்தக் கடவுச்சொல்லைப் பிள்ளையிடமே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு எல்லா வாசல்களும் திறந்ததுதான்.

நம் ஊரில் இது எங்கே உறைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்து பல மாணவர்களின் கைக்குப் போனது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அந்த மாணவருக்குப் பக்கத்தில் நிர்வாகி என்று யாரும் இல்லை. அவரேதான் பயனர், அவரேதான் நிர்வாகி. புதுப்பிப்பு என்றால் என்ன என்று சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் பெட்டி ஒன்று எழுந்து கடவுச்சொல் கேட்டால் பயந்து மூடுவதுதான் இயல்பு. அப்படி மூடப்பட்டே பழசாகிப்போன கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டைகளோடு வலையில் உலவும் கணினியால் அந்த மாணவருக்கு மட்டுமல்ல, அதே வலையில் இருக்கும் எல்லோருக்கும் கேடு.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. இங்கே பள்ளிகளிலும் நூலகங்களிலும் அலுவலகங்களிலும் கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்கள் கணினிகளில் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஓட விடுங்கள். பிறகு போல்கிட்டின் விதிகள் இருக்கும் அடைவில் ஒரு சின்ன விதியை எழுதிச் சேர்த்துவிடுங்கள்: கணினியின் முன்னால் இருக்கும் எந்தப் பயனருக்கும் புதுப்பிப்புச் செயலுக்கு மட்டும் சரி என்ற பதில். சில வரிகள்தான். புதிய தொகுப்புக்கும், களஞ்சியப் பட்டியலுக்கும், புதிய சாவிக்கும் இப்போது இருப்பது போலவே நிர்வாகி கடவுச்சொல் இருக்கட்டும். அங்கே ஒரு அங்குலம்கூடத் தளர்த்தாதீர்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, உங்களுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வருபவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வழங்கல்களை உருவாக்குபவர்களிடம் உங்கள் குரல் எட்டும் என்றால், கருநிரல் புதுப்பிப்பையும் புதுப்பிப்பாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள். வீட்டில் தனியாக ஒரு மடிக்கணினி வைத்திருப்பவர்கள், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட புதுப்பிப்பு ஏதாவது காத்திருந்தால் இன்றிரவே அதை நிறுவிவிடுங்கள்.